வட்டத்துக்குள் ஓடும் கார்

அத்தியாயம் 14

பழைய கார் இனிமேல் தூரத்துக்கு ஆகாது என்று சர்வீஸ் சென்டரில் சொல்லிவிட்டார்கள். ஊருக்குள் ஓட்டலாம், கடைக்குப் போய் வரலாம், ஆனால் பேட்டரியை நம்பி வெளியூர் கிளம்பாதீர்கள் என்று அந்த மெக்கானிக் கையைத் துடைத்தபடி சொன்னதைப் போன வாரம் பார்த்தோம். வீடு திரும்பிய கையோடு கணவர் சாப்பாட்டு மேஜை முழுக்கப் புது மின்சாரக் கார்களின் படங்களைப் பரப்பிவிட்டார்.

அதே மேஜையில்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாப்பு தன் செல்போனை வைத்துவிட்டுப் போனாள்.

காலேஜ் முடித்த பெண்ணை அந்த வீட்டில் பாப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எங்கே போனாலும் அப்பாவின் போனில் ஒரு நீலப் புள்ளி நகரும். புள்ளி வழக்கமான இடத்தை விட்டு நகர்ந்தால் உடனே போன் வரும். "என்னடா கண்ணு, அந்தப் பக்கம் என்ன வேலை?" என்பார். திட்டமாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். அக்கறையாகக் கேட்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று பாப்புவுக்குத் தெரியவில்லை. ஒருநாள் காலையில் போனை மேஜைமேல் வைத்தாள், ஒரு பையைத் தோளில் மாட்டினாள், போய்விட்டாள். அன்று முழுக்க அப்பா வேலைக்கு நடுவே மேப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புள்ளி வீட்டில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. பெண் இன்று எங்கேயும் சுற்றவில்லை என்று நிம்மதியாகத்தான் அவர் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தார்.

அதற்குப் பிறகு அந்தக் கண், மனைவி மேல் திரும்பியது.

அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகர். இருட்டு அறையில் நாள் முழுக்க ஒவ்வொரு லென்ஸாக மாற்றி, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்ததா?" என்று கேட்பது அவள் பிழைப்பு. போக வர அந்தப் பழைய மின்சாரக் கார். காரின் ஆப் இருப்பது கணவர் போனில். கதவைத் திறந்தால் அவருக்குச் சத்தம் வரும். எங்கே நிற்கிறது, எவ்வளவு சார்ஜ் இருக்கிறது, எல்லாம் தெரியும். "வண்டி மார்க்கெட் பக்கம் ரொம்ப நேரமா நிக்குதே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். தக்காளி வாங்க வரிசையில் நின்றேன் என்று அவள் பதில் சொல்வாள். வருஷக்கணக்கில் பதில் சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் அவர் கேட்பதற்கு முன்னாலேயே பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் அவள் கொழுந்தன் ஒருநாள் கண்ணைச் சோதிக்கிற சாக்கில் கடைக்கு வந்தான். கணவருக்குத் தம்பி, கார் ஷோரூமில் விற்பனையாளன். வீட்டில் எல்லாருக்கும் அவன் சின்னவன். சோதனைக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு, சுவரில் தெரிந்த எழுத்தைப் படிக்காமல், "அண்ணி, பாப்புவைப் பார்த்தேன்" என்றான்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துறைமுக ஊரில், வாடிக்கையாளர் ஒருவருக்குக் கார் கொண்டுபோய்க் கொடுத்தபோது பார்த்திருக்கிறான். படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்கிறாள். நன்றாக இருக்கிறாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கணக்குதான். பழைய காரில் ஒரே சார்ஜில் அங்கே போய்ச் சேர முடியாது. வழியில் சார்ஜ் போட நின்றால், அவள் போய்ச் சேரும் முன்பே கணவரிடமிருந்து போன் வந்துவிடும். ஆக, ஒரே சார்ஜில் மலை ஏறி இறங்கி, அதே மாதிரி திரும்பியும் வருகிற கார் வேண்டும். போன இடம் தெரிந்தாலும் பரவாயில்லை, போய்ப் பார்த்துவிட்ட பிறகு தெரியட்டும். அடுத்த கார் எது என்று வீட்டில் பேச்சு வந்தபோது அவள் மனசில் இருந்த ஒரே கேள்வி அதுதான். வெளியே சொல்ல முடியாததும் அதுதான்.

சனிக்கிழமை காலை. இருவரும் ஷோரூமுக்குப் போனார்கள்.

சின்னவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான். அண்ணனைப் பார்த்ததும் டையைச் சரிசெய்துகொண்டான். மற்ற வாடிக்கையாளர்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவன், அண்ணன் முன்னால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அண்ணன்தான் அவனைப் படிக்கவைத்தவர், இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

உள்ளே பளிங்குத் தரையில் இரண்டு கார்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று வெள்ளை, சின்னது, உருண்டையாக இருந்தது. இன்னொன்று கரும்பச்சை, நீளமானது. புது ரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. மூலையில் காபி மெஷின் புஸ்ஸென்று மூச்சுவிட்டது.

கணவர் நேராக வெள்ளைக் காரிடம் போனார். கதவுகளைத் திறந்து மூடினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார். பெல்ட்டை வெடுக்கென்று இழுத்துப் பூட்டு பிடிக்கிறதா என்று சோதித்தார். லிஃப்ட் கம்பெனியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் அவர். கம்பி எப்படித் தேயும், பிரேக் எந்த நாளில் ஏமாற்றும், கதவு எங்கே சிக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டால் முதல் போன் அவருக்குத்தான். கதவைத் திறக்கும்வரை ஸ்பீக்கர் வழியாகப் பேசிக்கொண்டே இருப்பார். உங்க பேர் என்ன, எந்த மாடிக்குப் போறீங்க, வீட்ல யாரு இருக்காங்க என்று கேட்டுக் கேட்டு அவர்கள் பயத்தைக் கரைத்துவிடுவார். அந்த விஷயத்தில் அவரைப்போல் ஒருவர் கிடைக்கமாட்டார் என்று கம்பெனியில் எல்லாரும் சொல்வார்கள். பொய்யில்லை.

"டிரைவர் சீட்ல உட்காரு" என்றார் மனைவியிடம்.

உட்கார்ந்தாள். முன்னால் பெரிய திரை. அதில் ஊரின் மேப். கண்ணாடிக்கு மேலே, புருவ மத்தியில் மச்சம் மாதிரி ஒரு குட்டிக் கேமரா. அது ஓட்டுகிறவர் கண் அசந்தால் எழுப்பிவிடும் என்று சின்னவன் விளக்கினான். படத்தை வீட்டிலிருந்தும் பார்க்கலாமா என்று அண்ணன் கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லும்போது அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அந்த வட்டம் போடறது எப்படின்னு காட்டு" என்றார் அண்ணன். இதைப் பற்றி ஏற்கெனவே போனில் பேசியிருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது.

ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, கணவர் விரலால் திரையில் வட்டம் போட்டார். வீடு உள்ளே வந்தது. அவள் கடை வந்தது. மார்க்கெட், ஆஸ்பத்திரி, அவருடைய அக்கா வீடு எல்லாம் வந்தன. அவள் சாயங்காலம் நடக்கப் போகும் பூங்கா கொஞ்சம் வெளியே நின்றது. அதைக் கவனித்து, கோட்டை இழுத்து அதையும் உள்ளே சேர்த்தார்.

"உனக்கு வேண்டியது எல்லாம் உள்ள வந்துருச்சு பாரு."

அவள் பார்த்தாள். வட்டம் பெரியதாகத்தான் இருந்தது. அதற்கு வெளியே, திரையின் ஓரத்தில், மலையைப் பார்த்துப் போகும் சாலை மெல்லிய மஞ்சள் கோடாகத் தெரிந்தது.

"இதைத் தாண்டிப் போனா?"

"தாராளமா போகலாம். எனக்கு ஒரு சத்தம் வரும். நான் சரின்னு அழுத்துவேன். அவ்வளவுதான்."

"நீங்க அழுத்தலைன்னா?"

கணவர் தம்பியைப் பார்த்தார். சின்னவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஓடற வண்டி உடனே நிக்காது அண்ணி. எங்கயாவது நிறுத்தி அணைச்சீங்கன்னா, மறுபடி கிளம்பாது."

பாதுகாப்புக்குத்தான் என்றார் கணவர். வண்டியைத் திருடினால்கூட நகர்த்த முடியாது என்றார். அவர் குரலில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. நல்ல பொருளைக் கண்டுபிடித்துவிட்ட ஆளின் சந்தோஷம்தான் இருந்தது. அவளுக்கோ சீட் பெல்ட் போடாமலேயே நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது.

பச்சை வண்டியும் பார்க்கலாமே என்றாள். எதற்கு என்று கேட்டார். கால் நீட்டி உட்காரலாம், சாமான் வைக்க இடம் அதிகம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. அதை நிறுத்த நம் இடம் பத்தாது, அகலமான வண்டி சந்துக்குள் திரும்பாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"ரெண்டே பேருக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வண்டி?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதில் விழுந்தது. ரெண்டே பேர். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள். சின்னவன் யாரும் கேட்காமலேயே காபி கொண்டுவரப் போனான்.

அப்போதுதான் கணவரின் போன் அடித்தது. ஏதோ அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஒரு பெண் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறாளாம். முதல் மணி அடித்து முடிப்பதற்குள் போனை எடுத்திருந்தார், பேச்சு முடியும் முன்பே வாசலுக்கு நடந்துவிட்டார். பழைய காரின் கதவைத் திறந்தபடி தம்பியிடம், அண்ணிக்கு ஆசை இருந்தால் பச்சை வண்டியை ஒரு சுற்று ஓட்டிக் காட்டச் சொன்னார். "நான் வந்து வெள்ளைக்குக் கையெழுத்துப் போடறேன். எல்லாம் ரெடி பண்ணி வை."

பச்சை வண்டியை அவளே ஓட்டினாள். சின்னவன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

வண்டிக்குச் சத்தமே இல்லை. நாங்க விக்கற வண்டி சத்தமே போடாது சார், உள்ள உட்கார்றவங்க போட்டாத்தான் உண்டு என்று எல்லாரிடமும் சொல்வது அவன் வழக்கம். இன்று சொல்லவில்லை. ஊரைச் சுற்றிப் போகும் அகலச் சாலைக்கு வந்ததும் அவள் காலை அழுத்தினாள். வண்டி வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. முதுகு சீட்டில் பதிந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அவளுக்குச் சிரிப்பு வரும்போல் இருந்தது.

"மலை ஏறினா சார்ஜ் ரொம்பக் குடிக்குமா தம்பி?"

ஏறும்போது குடிக்கும், இறங்கும்போது கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும் என்றான். துறைமுகத்துக்குப் போய், மத்தியானம் வரை இருந்து, திரும்பி வீட்டு வாசலில் நிறுத்தும்போதுகூட மிச்சம் இருக்கும் என்றான். அவள் கேட்காத பதிலையும் சேர்த்துத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது முகத்தில் தெளிவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணி, ஓரமா நிறுத்துங்க. ஒண்ணு சொல்லணும்."

நிறுத்தினாள். லாரிகள் பக்கத்தில் கடந்து போகும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது.

இந்த வாரம் மறுபடி துறைமுகத்துக்குப் போனானாம். அம்மா சீக்கிரம் உன்னைப் பார்க்க வரப்போகிறாள் என்று பாப்புவிடம் சொல்லியிருக்கிறான். அவள் ஒரு படகின் அடிவயிற்றைத் தேய்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். முகமூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு, சித்தப்பா சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

"என்ன சொன்னா?"

"அம்மா வரட்டும்னா. ஆனா ஒளிஞ்சு வரக்கூடாதாம். ஒளிஞ்சு ஒளிஞ்சு இருந்து அலுத்துப்போய்த்தான் நான் வந்தேன், எனக்காக அம்மா அதையே செய்ய வேண்டாம், அப்பாகிட்ட சொல்லிட்டு வரட்டும்னா." நிறுத்தினான். மென்று முழுங்கினான். "அப்பா மட்டும் வரக்கூடாதுன்னும் சொல்லிட்டா. அவர் வந்தா இந்த ஊரையும் விட்டுப் போயிடுவேன்னா."

ஸ்டீயரிங்கில் இருந்து அவள் கை நழுவி மடியில் விழுந்தது.

எவ்வளவு நாளாக இந்தக் காரையே நினைத்துக்கொண்டிருந்தாள். வண்டி கிடைத்தால் போதும், மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். இப்போது வண்டிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள். மலைச்சாலை கண்ணுக்கு எதிரே போகிறது. அசைய முடியவில்லை. கணவரிடம் சொன்னால் அவர் வருவேன் என்பார். வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் போனால் பெண் முகம் கொடுக்கமாட்டாள். போகாமலே இருந்துவிட்டாலோ, அந்த வட்டம்தான். பூங்காகூட உள்ளே இருக்கிற வட்டம்.

சின்னவன் இன்னொன்றும் கேட்டான். அண்ணனிடம் தன் பேரைச் சொல்ல வேண்டாம் என்றான். இத்தனை நாள் மறைத்தது தெரிந்தால் அண்ணன் தன் முகத்திலேயே விழிக்கமாட்டார் என்றான். நாற்பது வயதை நெருங்குகிற ஆள், டையின் நுனியை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. முடிந்தவரை பார்க்கிறேன் என்று சொல்லி வண்டியைத் திருப்பினாள்.

அவர்கள் வந்தபோது கணவர் ஏற்கெனவே திரும்பியிருந்தார். கண்ணாடி மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையில் கிரீஸ் கறை. முகத்தில் நல்ல வேலை முடித்த களை.

லிஃப்டில் மாட்டிய பெண் சின்னப் பெண்தானாம், ரொம்பப் பயந்துபோய் இருந்தாளாம். ஸ்பீக்கரில் பேசிப் பேசித் தேற்றினாராம். கதவைத் திறந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் படியில் இறங்கி ஓடிவிட்டாளாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"எல்லாரும் அப்படித்தான். கதவு திறந்துட்டா யாரும் திரும்பிப் பார்க்கிறதில்லை."

சின்னவன் முன்பதிவு செய்யும் தொடுதிரைப் பலகையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தான். வெள்ளைக் காரின் படம் அதில் மினுக்கியது. அவர் கையெழுத்துப் போட விரலை நீட்டினார்.

"இது வேண்டாங்க" என்றாள் மனைவி.

விரல் நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் கால் நீட்டுவது, சாமான் வைப்பது என்று ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்திருப்பார். பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்கத் தயாராகும்போது அவர் முகத்தில் ஒரு கனிவு வரும். அது வந்தது.

"பச்சை வண்டி எதுக்குன்னு சொல்லு. காரணம் சரியா இருந்தா வாங்கலாம்."

"பாப்புவைப் பார்க்கப் போறதுக்கு."

அந்தப் பெயர் அவர்கள் இருவருக்கும் நடுவில் விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காபி மெஷின் மறுபடி ஒருமுறை மூச்சுவிட்டது. தட்டோடு வந்துகொண்டிருந்த சின்னவன் பாதியில் நின்றான்.

"அவ எங்க இருக்கான்னு எனக்குத் தெரியும்" என்றாள். "நான் போய்ப் பார்க்கணும். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போகணும். அதான் சொல்றேன்."

கணவர் அந்தப் பலகையைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். மேஜைக்கு நேராக அதைச் சரிசெய்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

போன மழைக்காலத்திலிருந்தே தெரியும் என்றார். துறைமுகத்தில் ஒரு கிடங்கில் லிஃப்ட் பழுது பார்த்த கம்பெனி ஆள் ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொன்னானாம். பயிற்சிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிப்போன நாள் அவளுக்கு நினைவு வந்தது. அன்று அவருக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததும் அவள்தான். அவர் போனது அங்கேதான். பட்டறைக்கு எதிரே வாடகை வண்டியை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மத்தியானம் பாப்பு வெளியே வந்தாளாம். மதில் சுவரில் ஏறி உட்கார்ந்து சாப்பிட்டாளாம்.

"தலைமுடியை வெட்டிக்கிட்டா" என்றார். "நான் இறங்கலை. இறங்கினா ஓடிடுவாளோன்னு பயமா இருந்தது."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

அவர் சட்டைக் கையின் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார். போகாது என்று தெரிந்தும் தேய்த்தார்.

"சொன்னா நீ போவ. போய் அங்கேயே இருந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவளுக்கு அந்தத் திரை கண்ணில் வந்தது. பூங்காவுக்காக இழுத்து வளைத்த கோடு மலைச்சாலைக்கு முன்னால் எவ்வளவு கச்சிதமாக நின்றது.

"அந்த ரோட்டைத் தெரிஞ்சுதான் வெளியே விட்டீங்களா?"

அவர் தம்பியைக் கூப்பிட்டார். பச்சை வண்டியையே போடச் சொன்னார். வட்டம், கேமரா எதுவும் வேண்டாம், ஆப்பை அண்ணி போனில் மட்டும் போட்டுக் கொடு என்றார். வண்டி கைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்று சின்னவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். சரி என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அண்ணி ஜெயித்துவிட்டாள் என்று சின்னவன் முகம் சொன்னது. அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. சொன்னது பாதிதான். மீதிப் பாதியை இன்னும் சொல்லவில்லை.

பழைய காரில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். கணவர் ஓட்டினார்.

இரண்டு வருஷமாகப் பேசாததை எல்லாம் சேர்த்துவைத்து அவர் பேச ஆரம்பித்தார். புது வண்டியின் முதல் ஓட்டமே துறைமுகத்துக்குத்தான் என்றார். இரண்டு பேருமாகப் போவோம், விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன்னால் மலையைத் தாண்டிவிடலாம் என்றார். பாப்புவின் கனமான போர்வை அலமாரியில் அப்படியே இருக்கிறதா என்று கேட்டார். அங்கே கடற்காற்று ஜாஸ்தி, அவளுக்குச் சீக்கிரம் சளி பிடிக்கும் என்றார். பேசப் பேச அவர் தோள் லேசாகிக்கொண்டே வந்தது. தன் பெண்ணைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்த பழைய மனிதரை அவள் பக்கவாட்டில் பார்த்தாள். இந்த மனிதரிடம்தான் அதைச் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம். வண்டி வந்த பிறகு சொல்லலாம். ஆனால் தள்ளிப்போட்டால் இவர் ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுவார்.

"அவ ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்கா" என்றாள்.

"யார்கிட்ட?"

"யார்கிட்டயோ. அதை அப்புறம் கேளுங்க." சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நான் மட்டும் வரணுமாம். நீங்க வரக்கூடாதாம். வந்தா அந்த ஊரையும் விட்டுப் போயிடுவாளாம்."

ஒரு சிக்னலில் நின்றார். பச்சை விழுந்ததும் கிளம்பினார். முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார். வீட்டுக்குத் திரும்பும் தெரு வந்தது. இண்டிகேட்டர் போடவில்லை. தெரு கடந்து போனது.

"நம்ம திருப்பம் போயிடுச்சு."

"தெரியும்."

பெட்ரோல் பங்க், மரக்கடை, அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையின் பெயர்ப்பலகை எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கட்டடங்கள் குறைந்தன. எதிரே மலை தெரிந்தது.

"எங்கங்க போறோம்?"

"புது வண்டி வர்ற வரைக்கும் உட்கார்ந்திருந்தா எனக்குத் தைரியம் போயிடும்" என்றார். "அன்னைக்கு மாதிரி இறங்காம வந்துடுவேன்."

"வரக்கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். அவ வாயால சொல்லிட்டா வந்துடறேன்."

சார்ஜ் பாதிக்கும் கீழே இருந்தது. இந்தப் பேட்டரி மலையை ஏறி முடிக்காது என்று அவளுக்குத் தெரியும். அவளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னாள். நிற்கிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சோதிக்கிற மனிதர் அப்படிச் சொன்னதுதான் அவளை ரொம்பப் பயமுறுத்தியது. வண்டியை நிறுத்தச் சொல்லலாம். நிறுத்தி என்ன செய்வது? இந்த நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்கி எங்கே போவது? அவரைத் தடுத்தால் இனி இந்தப் பேச்சே அந்த வீட்டில் எழாது. தடுக்காவிட்டால் பெண் அவரைப் பார்த்த மறுநிமிஷம் கண்காணாத இடத்துக்குப் போய்விடுவாளோ என்னவோ. இந்தப் பக்கம் கதவு, அந்தப் பக்கம் அவர். நடுவில் பெல்ட்டுக்குள் அவள்.

அவருடைய போன் அடித்தது.

கம்பெனியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும் உள்ள மணி. எத்தனையோ தடவை சாப்பாட்டிலிருந்து, குளியலறையிலிருந்து, ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலிருந்து அவரை எழுப்பிக் கொண்டுபோன மணி. அவர் கை ஸ்டீயரிங்கை விட்டு அசையவில்லை. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

அவள் எடுத்தாள்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண் குரல். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள், சார் வரமுடியுமா என்று கேட்டாள். அந்தக் குரல் வண்டிக்குள் அவருக்கும் கேட்டது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

திரும்புங்கள் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிவிடுவார். மாட்டிக்கொண்டவர்களை விட்டுவிட்டு அவர் எங்கேயும் போனதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். இந்த மலையிலிருந்து, இந்த வண்டியிலிருந்து, பாப்புவின் கோபத்திலிருந்து எல்லாவற்றிலிருந்தும் இன்று தப்பிக்க அந்த ஒரு வார்த்தை போதும்.

சாலை மேலே ஏறத் தொடங்கியது.

"அவர் இன்னைக்கு வரமாட்டார்மா" என்றாள் போனில். "வேற ஆளை அனுப்புங்க."